பஞ்சுவும் ஹீட்டரும்

மலை மேல் ஒரு வீட்டில் ஒரு ஹீட்டரும், பஞ்சு என்ற வெள்ளைப் பூனையும் இருந்தன. பஞ்சுவுக்கு ஹீட்டர் என்றால் உயிர். ஹீட்டர் காற்றை உள்ளே இழுக்கும் கம்பிவலையோடு ஒட்டிக்கொண்டுதான் பஞ்சு தினமும் தூங்கும்.

கடுங்குளிர் தொடங்கிய வாரம் ஹீட்டர் திணறித் திணறி நின்றுவிட்டது. வீடே விறைத்தது.

"உனக்கு என்ன ஆச்சு?" என்று பஞ்சு கேட்டது.

"தெரியல. எவ்வளவு இழுத்தாலும் காத்து வரல."

"பயப்படாத, நான் இருக்கேன்" என்று பஞ்சு இன்னும் நெருங்கிப் படுத்தது.

மெக்கானிக் வந்து வலையைக் கழற்றினார். கை நிறைய வெள்ளை முடி வந்தது.

"குளிருக்கு முன்னாடியே இதைச் சுத்தம் பண்ணியிருந்தா நின்னிருக்காதும்மா" என்று வீட்டுக்காரம்மாவிடம் சொல்லி, ஹீட்டரை மறுபடி ஓடவிட்டுப் போனார்.

பஞ்சு அந்த முடியை முகர்ந்து பார்த்துக் குழம்பியது.

"நான் பிரியமா இருந்தது தப்பா?"

"தப்புன்னு எப்படிச் சொல்றது? எனக்கும் அது பிடிச்சுத்தான் இருந்தது."

"அப்போ எவ்வளவு தள்ளிப் படுக்கணும்?"



பஞ்சு ஓரடி தள்ளிப் படுத்தது. பிறகு எழுந்து இன்னும் ஓரடி தள்ளிப் போனது. அங்கே குளிர் அடித்தது. ஹீட்டர் கொஞ்சம் பலமாக ஊதத் தொடங்கியது.