குகை வாசல் மணல்

செண்பகத்தோப்புக் காட்டில் அருவிக்குப் பின்னால் ஒரு குகை. வனக்காவலர் வெங்கடேஸ்வரி அதன் வாசல் மணலைத் தினமும் சமன்செய்துவிட்டுப் போவாள். மறுநாள் அதில் புலித்தடம் இருக்கும். எல்லாம் உள்ளே போன தடம்தான். மூன்று வருஷமாக ஒன்றுகூட வெளியே வந்ததில்லை.

"உள்ள போயி பாத்துட்டு வாரேன்ணே," என்றாள், கூட வந்த பால்ச்சாமியிடம்.

"செத்த பொறுங்க மேடம், நானும் வாரேன்."

"வேண்டாம்ணே, இங்கனயே நில்லுங்க."

குகை பத்தடியில் முடிந்தது. எலும்பில்லை, வாடையில்லை. பின்பாறையில் கை வைத்தாள். உடம்பைப்போல் வெதுவெதுப்பாக இருந்தது. கையை எடுக்க மனமில்லாமல் வெகுநேரம் நின்றாள்.

வெளியே வந்தபோது பால்ச்சாமி செருப்பைக் கழற்றிவிட்டுக் கைகூப்பி நின்றிருந்தார். அவர் பார்வை மணலில் இருந்தது. அவளும் குனிந்து பார்த்தாள்.

உள்ளே போன பூட்ஸ் தடங்கள் அப்படியே இருந்தன. வெளியே வந்த புலித்தடங்கள் அவள் நிற்கிற இடத்தில் முடிந்திருந்தன.