வாலுக்குக் கீழே ஓர் எறும்பு

மதிய வெயில் இவள் விசைப்பலகை மேல் ஒரு கோடாக விழுகிறது. பக்கத்து மேசையில், "வரையக் கை ஓடவில்லை" என்று இன்றோடு வேலையிலிருந்து நிறுத்தப்படும் அக்கா தன் பொருட்களை அட்டைப்பெட்டியில் அடுக்குகிறாள். யார் இருக்கைக்கும் வராத தலைமை ஓவியர், ஆறிப்போன காபியோடு, இவள் நாற்காலியைக் குட்டி போட்ட பூனை மாதிரிச் சுற்றிச் சுற்றி வருகிறார். கம்ப்யூட்டர் கேமுக்காகத் தானே வரைந்ததாக அவர் சொல்லும் நாற்பது டிராகன் படங்களை இவள் பிஎன்ஜி கோப்பு வடிவிலிருந்து ஜேபெக் வடிவுக்கு மாற்றிக்கொண்டிருக்கிறாள். "அப்படியே விட்டுடேன்மா, எதுக்கு மாத்திக்கிட்டு?" மூன்றாவது தடவையாகக் கேட்கிறார். "விளம்பரத்துக்கு இதுலதான் கேட்டிருக்காங்க சார்." இவருக்கு எதற்கு இந்தத் தவிப்பு? முதல் படம் திறக்கிறது. பிஎன்ஜியில் கண்ணாடிபோல் வெறுமையாகத் தெரிந்த பின்னணி ஜேபெக்கில் நிற்காது; அதில் ஒளி ஊடுருவும் பின்னணிக்கு இடமில்லை. அடியில் மறைத்து வைத்ததெல்லாம் மேலே வந்துவிட்டது. வால் நுனிக்குக் கீழே கடுகளவு சிவப்பு எறும்பு. அடுத்த டிராகனுக்கும் அதே எறும்பு. அதற்கடுத்ததற்கும். சுற்றி வந்த செருப்புச் சத்தம் நின்றுவிட்டது. "அதை மட்டும் அழிச்சிடும்மா," என்று காதருகே கிசுகிசுக்கிறார். அக்கா கடைசியாகத் தன் தேநீர்க் கோப்பையை எடுத்துக் காகிதத்தில் சுற்றப் போகிறாள். அதன் பிடியோரம் அவளே வரைந்த சிவப்பு எறும்பு. இவள் திரையை அக்கா பக்கம் திருப்புகிறாள்.