வண்டி மறிஞ்ஞு

"ஏலே சின்னக்கருப்பு, மேடைக்கு வாடா! சாரு மலையாளத்துல பேசுறாரு. நீதான் கோட்டயத்துல மூணு மாசம் டீக்கடையில கிளாஸ் கழுவுனவனாச்சே!"

ஒன்பதாங் கிளாஸோட பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவனை, ஊரு மேடைக்குக் கூப்பிட்டது அன்னைக்குத்தான். சட்டைப் பட்டனைப் போட்டுக்கிட்டே ஏறுனான்.

காமயகவுண்டன்பட்டியில செல்லப்பாண்டி போட்டோ திறப்பு. போன வருசம், எழுபத்தொண்ணு டிசம்பர்ல, எல்லையில சண்டை நடந்தப்ப தந்தி வந்துச்சு. பணியில் இறந்தார். அம்புட்டுத்தான். எப்படின்னு யாருக்கும் தெரியாது. பட்டாளத்துல அவன்கூட இருந்த மலையாளத்து ஹவில்தாரு லீவுல கேரளாவுக்குப் போற வழியில, கம்பத்துல இறங்கித் தேடி வந்திருந்தாரு.

முன்வரிசையில செல்லப்பாண்டியோட அப்பா அழகர். பக்கத்துல ஆத்தா சுருளியம்மா.

"எம்மகன் சண்டை போட்டுச் செத்தான்யா." ஒரு வருசமா அழகருக்குச் சோறு தொண்டையில இறங்குறதே அந்தப் பேச்சுலதான்.

ஹவில்தாரு செருமிக்கிட்டு ஆரம்பிச்சாரு.

"ஊணு கொண்டு போகும்போள் வண்டி மறிஞ்ஞு. அவன் அடியில் பெட்டு போயி."

சின்னக்கருப்புக்குப் புரிஞ்சுபோச்சு. ஊணுன்னா சாப்பாடு. அதை ஏத்திக்கிட்டுப் போன வண்டி கவுந்து, அடியில மாட்டிச் செத்திருக்கான். எதிரி மூஞ்சியைக்கூடப் பாக்கலை.

அழகர் காதுகிட்ட கையைக் குவிச்சாரு. "என்னப்பா, வண்டி மறிஞ்சுங்கிறாரு?"

நாக்கு முந்திக்கிச்சு. "மறிச்சான் மாமா! எதிரி வண்டியை நடுரோட்டுல நின்னு மறிச்சானாம்!"

கைதட்டு பொளந்துச்சு. ஹவில்தாரு திருதிருன்னு முழிச்சாரு.

"அப்புறம்?"னு கேட்டாரு அழகர்.

நல்ல பையன், நல்லாப் பாடுவான்னு ஹவில்தாரு ரெண்டு வரி சொன்னாரு. சின்னக்கருப்பு அதுல ஏழு எதிரியையும் ஒரு பீரங்கியையும் சேத்து இறக்குனான். ஹவில்தாரு இவனைப் பாத்தாரு. நிமிந்து உக்காந்திருந்த அழகரைப் பாத்தாரு. என்ன புரிஞ்சுச்சோ, பேச்சை அதோட நிறுத்திக்கிட்டாரு.

சின்னக்கருப்பு கூட்டத்தை நோட்டம் விட்டான். கூட்டத்துல எவனுக்காச்சும் மலையாளம் தெரிஞ்சுட்டா? நல்லவேளை, ஏலக்காய் எடுக்கக் கேரளாத் தோட்டத்துக்குப் போன பொம்பளையாளுக இன்னும் மலை இறங்கலை.

அப்பத்தான் கண்ணுல பட்டாரு பலவேசம். குமுளியில பத்து வருசம் டீக்கடை போட்டவரு. போன வாரம்தான் அவரு டீயைப் பத்திப் பாட்டுக் கட்டி, ஊரையே சிரிக்க வச்சிருந்தான் இவன்.

செத்தேன்டா சாமின்னு நினைக்கிறதுக்குள்ள பலவேசம் எந்திரிச்சாரு.

"ஏலே, நிறுத்துடா! சாரு சொன்னதுல ஒண்ணை முழுங்கிட்டியே!"

அழகர் மெள்ளத் திரும்புனாரு. சின்னக்கருப்பு இறங்கி ஓட மேடைப் படியைத் தேடுனான்.

"தன்னந்தனி ஆளா மறிச்சான்னு சொன்னாக. அதை ஏன்டா விட்ட?"

மறுபடியும் கைதட்டு. அழகர் துண்டால மூஞ்சியைத் தொடைச்சுக்கிட்டு, மகன் போட்டோவுக்கு மாலையைப் போட்டாரு. நடை ஒரு பட்டாளத்தான் நடை.

கூட்டம் கலைஞ்சுச்சு. ஹவில்தாரு பையை எடுத்துக்கிட்டுக் கிளம்புறாரு. சுருளியம்மா விறுவிறுன்னு அவருகிட்டப் போகுது!

சின்னக்கருப்பு விழுந்தடிச்சு ஓடுனான். "ஆத்தா, ஏதாச்சும் கேக்கணுமா? என்கிட்டச் சொல்லுங்க, நான் கேட்டுச் சொல்றேன்."

"நீ இதுவரைக்கும் சொன்னதே போதும்யா ராசா. செத்த தள்ளிக்க."

புருசன் தூரத்துலதான் நிக்கிறாரான்னு ஒருதரம் திரும்பிப் பாத்துக்கிருச்சு. அது கேரளாவுல, வண்டன்மேட்டு ஏலத்தோட்டத்துல பிறந்து வளந்த பொம்பளைன்னு சின்னக்கருப்புக்கு யாரும் சொன்னதில்லை.

குரலைத் தாழ்த்தி, மலையாளத்துலயே கேட்டுச்சு:

"சாரே, அவன் கொண்டு போய ஊணு மற்ற பிள்ளேர்க்கு கிட்டியோ?"