ஊமை வேடம்

"இனிமே இந்தப் படத்துல இவருக்கு ஒரு வார்த்தை கெடையாது. காவலாளி ஊமை. மாத்தி எழுதிக்க!"

இயக்குநர் தேவநாதன் போட்ட சத்தத்தில், கடலூர் முதுநகர்த் துறைமுகத்தில் படப்பிடிப்பைப் பார்க்கக் கூடியிருந்த கூட்டம் திகைத்து நின்றது.

சற்று முன்புதான் அதே கூட்டம் விசிலடித்துக்கொண்டிருந்தது. துறைமுகக் காவலாளி வேடத்தில் கலியமூர்த்தி கம்பை ஊன்றி நின்று முழங்கிய வசனம் அப்படி.

"எவன்டா அவன், என்னைக் கேக்காம உள்ள பூந்தவன்? இந்த வாசல்ல காத்துகூட என்கிட்ட சொல்லிட்டுத்தான் போவணும்!"

'கட்' சொல்லிவிட்டுத் தேவநாதன் அவரை நெருங்கினார். கலியமூர்த்தி அவர் காதோடு ஏதோ சொல்லிச் சிரித்தார். அடுத்த கணம் தேவநாதனின் முகம் வெளுத்தது. அதன் பிறகுதான் இந்தச் சத்தம்.

உதவி இயக்குநர் அன்பரசு தயங்கினான். "சார், நாம எழுதுன டயலாக் அது இல்லதான். ஆனா அவரு சொந்தமா விட்டது நம்மளதவிட நல்லாத்தான இருந்துச்சு?"

"சொந்தச் சரக்கு விடுற ஆளு எனக்கு வேணாம். ஊமைன்னா ஊமை."

கலியமூர்த்தி எதுவும் புரியாதவர் போல நின்றார். கூட்டம் வாயை மூடவில்லை.

"பாத்தியா மச்சான், நேத்து வரைக்கும் சினிமாவுல அடி வாங்கிக்கிட்டுக் கெடந்த ஆளு!"

"கைதட்டல் பெரியவருக்கு ஜாஸ்தியா விழுந்துச்சில்ல? அந்த வயித்தெரிச்சல்தான்."

ஊர் அவ்வாறு பேசியதில் வியப்பில்லை. திருப்பாதிரிப்புலியூர்த் திருவிழா மேடைகளில் அவர்கள் இருவரும் இணைபிரியாத நகைச்சுவைக் கூட்டாளிகள். பேசிச் சிரிக்க வைத்தவர் கலியமூர்த்தி. அடி வாங்கிச் சிரிக்க வைத்தவர் தேவநாதன். அடி வாங்கியவர் சென்னைக்குப் போனார். கதாநாயகர்கள் அத்தனை பேரிடமும் அடி வாங்கியே பெயர் வாங்கினார். இப்போது, 2009இல், தம் முதல் படத்தை இயக்கச் சொந்த ஊருக்கே வந்திருந்தார். பழைய கூட்டாளிக்கு அதில் வேடம் என்றபோது மெச்சிய ஊர்தான் இது.

மறுநாள் படக்குழு சிதம்பரத்தில் இருந்தது. காலையிலேயே கலியமூர்த்தியின் மனைவி புஷ்பவள்ளி பேருந்து பிடித்து வந்து, லாட்ஜ் கூடத்தில் நின்று குரலெடுத்தார்.

"எங்க அந்த டைரக்டரு? வரச் சொல்லு அவன!"

தேவநாதன் மாடியிலிருந்து ஓடி வந்தார். "அண்ணி, ரூமுக்கு வாங்க. பேசிக்கலாம்."

"எதுக்கு ரூமுக்கு? ஊரு பாக்கத்தான அவரு மானத்த வாங்குன? ஊரு பாக்கவே பதில் சொல்லு!"

"கால்ல வேணாலும் விழறேன் அண்ணி. உள்ள வாங்க."

படக்குழு முழுவதும் பார்த்துக்கொண்டிருக்க, புஷ்பவள்ளி அறைக்குள் போனார். கதவு மூடியதும் மறுபடி வெடித்தார்.

"அந்த மனுசனுக்குப் பேச்சு ஒண்ணுதான சொத்து? அதையே புடுங்கிட்டியே, பாவி! வீட்டுக்கு வந்தவரு ஒரு வாய் சோறு திங்கல. என்ன கேட்டாலும் பேச்சில்ல. கூடப் பொறந்தவனாட்டம் இருந்தியேடா!"

தேவநாதன் கதவில் சாய்ந்து நின்றார். "நேத்து அவரு பேசுனது சொந்தமா விட்டது இல்ல, அண்ணி."

"பின்ன?"

"அந்தக் காலத்துல நாங்க போட்ட நாடகம். அதுல அண்ணன் அரமணை வாசல் காவக்காரன். அந்த வசனத்த அப்படியே பேசுனாரு. என்னைத் தவிர அங்க யாருக்கும் அது தெரியாது."

"ஏதோ நெனப்புல பேசியிருப்பாரு. அதுக்கு இவ்ளோ பெரிய தண்டனையா?"

"நானும் அப்படித்தான் நெனைச்சுக் கிட்ட போனேன். காதுல சொல்றாரு: 'டேய் தேவா, அடுத்தது ராஜாமணி வரணுமேடா. ஜனங்க காத்துக்கிட்டு இருக்காங்க. மேடைக்கு அனுப்புடா அவன.'"

புஷ்பவள்ளி அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். ராஜாமணி அந்த நாடகக் குழுவின் மூன்றாவது ஆள். அவர் இறந்து வெகு காலம் ஆகிறது. பாடைக்கு முதல் ஆளாகத் தோள் கொடுத்தவரே கலியமூர்த்திதான்.

புஷ்பவள்ளி தேவநாதனை நிமிர்ந்து பார்த்தார்.

"போன மாசம் நம்ம தெருவுலயே வீடு தெரியாம நின்னாரு. படத்து நெனப்புல திரியறாருன்னு நானே திட்டுனேன்..."

"நாளைக்கே டாக்டர்கிட்ட காட்டலாம், நானும் வரேன். வேஷத்த மட்டும் அவருகிட்டேருந்து புடுங்க வேணாம் அண்ணி. ஊமைக்கு வசனம் மறக்காது. நான் கேமரா பக்கத்துல நின்னு நடிச்சுக் காட்டுனா, அதப் பாத்தே செஞ்சுடுவாரு."

"இத அங்கயே சொல்லியிருக்கலாமேப்பா. ஊரே ஒன்னக் காறித் துப்புது."

"அண்ணன் சிரிக்க வெச்ச ஊரு அது. அவரப் பாத்துச் சிரிச்சிடக் கூடாது. என்னைப் பொறாமைக்காரன்னு நெனைச்சா நெனைச்சுட்டுப் போறாங்க."

கதவுக்கு வெளியே காலடிச் சத்தங்கள் கேட்டன. என்ன நடக்கிறதென்று அறிய ஒரு கூட்டமே அங்கே காத்திருந்தது.

புஷ்பவள்ளி முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டார். தேவநாதனின் தலையை ஒரு முறை தடவிக் கொடுத்தார். பிறகு கதவை அகலத் திறந்து, வந்தபோது போட்டதைவிட உரத்த குரலில், அத்தனை பேருக்கும் கேட்கும்படி கத்தினார்:

"பொறாமை புடிச்ச பயலே! நீயெல்லாம் ஒரு மனுசனா?"