சிபில் பொருத்தம்

"ஜாதகப் பொருத்தம் இருக்கட்டும். பையனோட சிபில் ஸ்கோர் எவ்வளவு?"

பெண்ணின் தாய்மாமன் சிவராமன் இப்படிக் கேட்டதும், ஆவடி குவார்ட்டர்ஸின் அந்தச் சின்ன ஹாலில் கேசரி சாப்பிட்டுக்கொண்டிருந்த எல்லோரும் நிமிர்ந்தார்கள்.

"இன்னா சார் அது? புச்சா கீது?" என்றார் பையனின் அப்பா அய்யாசாமி. சென்னையில் பாடி ஏரியாக்காரர்.

"கடன் வாங்கினவன் ஒழுங்கா கட்டுறானான்னு பார்த்துப் போடுற மார்க். ஒருத்தன் யோக்கியனா இல்லையான்னு இதுலயே தெரிஞ்சிடும்."

"எம் புள்ள ஒரு பீடிகூட குட்ச்சதில்ல சார்."

"பீடியெல்லாம் சிபில்ல வராதுங்க."

பெண்ணின் அப்பா வேலுசாமி நெளிந்தார். "மச்சான், பொண்ணு பார்க்க வந்த இடத்துல போய்..."

"நீங்க சும்மா இருங்க அத்தான். அக்கா பொண்ணு வாழ்க்கை. நான் கேக்காம யார் கேப்பா?"

மாப்பிள்ளைப் பையன் சந்தோஷ் தயங்கவில்லை. போனை எடுத்து, ரிப்போர்ட்டைத் திறந்து நீட்டிவிட்டான்.

சிவராமன் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "தொள்ளாயிரத்துக்கு அறுநூத்தி எழுபது. சுமார்தான். அடேயப்பா, இதென்ன கட்டம் கட்டமா சிவப்பு? மாசக்கணக்கா தவணையே கட்டலையே!"

"ஆமா சார். முதல் வேலை கிடைச்ச ஜோர்ல கிரெடிட் கார்டு வாங்கினேன். கண்ணு மண்ணு தெரியாம தேய்ச்சிட்டேன். கட்ட முடியல."

"ஆஸ்பத்திரிச் செலவா தம்பி? தங்கச்சி படிப்பா?" வேலுசாமி ஒரு நல்ல காரணத்தை எடுத்துக் கொடுத்துப் பார்த்தார்.

"இல்ல சார். போன், ஷூ, ஃப்ரெண்ட்ஸுக்கு பிரியாணி."

"கேட்டுக்கோங்க அத்தான்!" சிவராமன் குரல் உயர்ந்தது. "கடனைக் கட்டத் துப்பில்லாதவன் எப்படிக் குடும்பம் நடத்துவான்?"

கல்யாணப் பெண் கார்த்திகா அப்போதுதான் வாயைத் திறந்தாள். "அப்பா, நான் அவர்கிட்ட தனியா பேசணும்."

"நல்லா கேளும்மா, விடாதே!" என்று உற்சாகப்படுத்தினார் சிவராமன்.

மாடிப்படிக்கு வந்ததும் அவள் ஆரம்பித்துவிட்டாள்.

"மொத்தத்தையும் கட்டிட்டீங்களா?"

"முதல்ல பேங்க்ல பேசி, கொஞ்சம் குறைச்சுக் கட்டி முடிச்சேங்க. அப்புறம்தான் தெரிஞ்சுது, அப்படி முடிச்சா ரிப்போர்ட்ல 'செட்டில்டு'ன்னு விழும், அதுவும் கெட்ட பேருன்னு. திரும்பப் போய் மிச்சத்தையும் கட்டி, பாக்கி இல்லைன்னு என்.ஓ.சி. வாங்கினேன்."

"உடனே மாத்திட்டாங்களா?"

"எங்க! ஆன்லைன்ல புகார் போட்டு, ஒரு மாசம் துரத்தி, 'க்ளோஸ்டு'ன்னு மாத்த வெச்சேன்."

"அப்ப ஸ்கோர் எவ்வளவு இருந்துது?"

"ஐநூத்தி இருபது. ரெண்டு வருஷமா ஏறிகினே கீது." அப்பாவின் பேச்சு வந்துவிட, நாக்கைக் கடித்துக்கொண்டான். அதுவரை பார்த்துப் பார்த்துத்தான் பேசிக்கொண்டிருந்தான்.

அவள் சிரித்துவிட்டு அடுத்ததைக் கேட்டாள். "கலெக்‌ஷன் ஏஜென்ட் ஆபீசுக்கே போன் பண்ணா என்ன செய்யணும்?"

சந்தோஷுக்குத் தன் இன்டர்வியூ ஞாபகம் வந்தது. வேலைக்கு எடுத்தவர்கள்கூட இவ்வளவு குடையவில்லை.

"எடுத்துப் பேசிடணுங்க. ஆஃப் பண்ணி வெச்சாதான் அவங்களுக்குக் கோவம் வரும். இந்த மாசம் இவ்வளவுதான் முடியும்னு சொல்லி, மெயில் போட்டு வெச்சுக்கணும்."

"இதையெல்லாம் எங்க மாமாகிட்ட மறைச்சிருக்கலாமே?"

"கல்யாணத்துக்கு அப்புறம் தெரிஞ்சா நீங்க திட்டுவீங்க. இப்பவே திட்டிட்டா வேலை முடிஞ்சுது."

ஹாலுக்குத் திரும்பியதும் கார்த்திகா சொன்னாள், "எனக்குச் சம்மதம்ப்பா."

அய்யாசாமி மிச்சக் கேசரியை ஒரே வாயில் போட்டுக்கொண்டார்.

சிவராமன் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். "உனக்குப் புத்தி கெட்டுப்போச்சா? அம்பத்தூர் எஸ்டேட் கம்பெனில கை நிறைய சம்பாதிக்கிறே. போயும் போயும் அறுநூத்தி எழுபதா?"

"கெட்டுப்போன ஸ்கோரைச் சரி பண்ணத் தெரிஞ்ச ஆள்தான் எனக்கு வேணும் மாமா. என்னோடது ஐநூத்திப் பத்து. கடை வைக்கிறேன்னு என் பேர்ல லோன் வாங்கினீங்களே, அதுக்கு நீங்க அஞ்சு மாசமா தவணை கட்டலை!"