மூன்று பார்வைகள்

குவைத்தில் நர்ஸாக இருக்கும் ஜெபக்கனி வெள்ளிக்கிழமைதோறும் ஆங்கில வகுப்புக்குப் போவாள். சீ, லுக், வாட்ச் மூன்றும் தமிழுக்குப் 'பார்'தான், ஆனால் ஒன்றல்ல என்ற வாத்தியார், ஒவ்வொன்றுக்கும் சொந்த வாழ்க்கையிலிருந்து ஒரு வாக்கியம் எழுதச் சொன்னார். அப்பாவின் நல்லடக்கத்தை வாட்ச் பண்ணினேன் என்று எழுதினாள்.

"டிவியில வர்றதத்தாம்மா வாட்ச் பண்ணுவோம். பக்கத்துல நின்னு பாத்ததுக்கு 'சீ' போடுங்க."

"பக்கத்துல நிக்கல சார்."

சிவப்புப் பேனா பாதியில் நின்றது.

அன்று ஊரில் தம்பிதான் போனை உயர்த்திப் பிடித்திருந்தான். யாருடைய தோளோ அப்பாவின் முகத்தை மறைத்தது. அதைத் தாண்டி எட்டிப் பார்க்க, இவள் தன் கையிலிருந்த போனை இப்படியும் அப்படியும் சாய்த்துக்கொண்டே இருந்தாள், அங்கே பெட்டியை மூடும்வரை.