முதலாளி கொண்டுவந்த கடிதம்

“இதை ஒருக்கா வாசிச்சுச் சொல்லும், பிள்ளை. இங்கிலீசில கிடக்கு.”

சவிரிமுத்து முதலாளி விறாந்தைக் கதிரையில் இருக்காமலே கடிதத்தை நீட்டினார். கரம்பொன்னில் தன் வீட்டுப் படியை இந்த மனுஷன் மிதிப்பார் என்று கத்தரீனா நினைத்ததே இல்லை.

ஊர்காவற்றுறையில் கடலட்டையும் சங்கும் வாங்கிக் கொழும்புக்கு அனுப்புகிற அவருடைய கடையில் அவள் ஐந்து வருஷம் டைப் அடித்தவள். வருகிற இங்கிலீசுக் கடிதங்களை வாசித்துச் சொல்வதும், அவர் தமிழில் சொல்லும் பதிலை இங்கிலீசில் எழுதுவதும் அவள் வேலை. கையெழுத்தை மட்டும் அவர் தமிழில் வைப்பார்.

எண்பத்தெட்டாம் ஆண்டு வைகாசியில் ஒரு நாள், சங்கு கொண்டுவந்த ஆட்களுக்கு முன்னால், கடிதம் பிழையாக அடித்திருக்கிறது என்று அவர் சத்தம் போட்டார். அன்றைக்கு அவளுக்கும் பொறுக்கவில்லை. “எந்த இடத்தில பிழையெண்டு வாசிச்சுக் காட்டுங்கோ, முதலாளி” என்று சொல்லிவிட்டாள்.

நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். அந்தச் சிரிப்போடு அவளுடைய வேலை முடிந்தது. கடைப் பூட்டின் திறப்பை மேசையில் வைத்துவிட்டு அவள் வெளியே வர, பின்னால் அவர் குரல் கேட்டது.

“இனி என்ர பேரைச் சொல்லி நீர் ஓரிடமும் வேலைக்குப் போகேலாது. பாப்பம்.”

அப்படித்தான் நடந்தது. அச்சுக்கூடத்திலும் கூட்டுறவுச் சங்கக் கடையிலும் ஒரே கேள்வி, “ஏன் பிள்ளை அங்கை வேலையை விட்டனீர்?” அதற்குப் பிறகு ஒருவரும் கூப்பிடவில்லை. வீட்டில் நோயாளி அம்மா, பள்ளிக்கூடம் போகிற இரண்டு தங்கைமார். அயலவர்களின் சட்டைக்கு அறுந்த தெறி தைத்து ஐந்து மாதம் ஓடிவிட்டது.

போன கிழமைதான் யாழ்ப்பாணத்தில் ஒரு நிவாரண நிறுவனம் அவளை நேர்முகத்துக்குக் கூப்பிட்டது. அடித்துக் காட்டச் சொன்னதைப் பிழையில்லாமல் அடித்தாள். கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னாள். எழும்பும்போது, “முந்தி வேலை செய்த இடத்துக்கு நாங்களே எழுதிக் கேப்பம். அது எங்கட முறை” என்றார் பொறுப்பதிகாரி. வேண்டாம் என்று சொல்ல வழியில்லாமல் அவள் தலையாட்டிவிட்டு வந்தாள்.

இப்போது அவள் கையில் இருந்தது அந்தக் கடிதம்தான். உறையின் மூலையில் அச்சடித்திருந்த பெயரைக் கண்டதுமே அவளுக்கு அது விளங்கிவிட்டது.

“முந்தாநாள் வந்தது” என்றார் முதலாளி. “நேற்றுப் பூசை முடிஞ்சு பங்குச் சுவாமியாரோட கதைச்சுக்கொண்டு நிண்டதில இஞ்சால வர ஏலாமல் போச்சு. கடையில இப்ப இருக்கிறவருக்கு இங்கிலீசு ஓடாது.”

கத்தரீனா வாசித்தாள். உங்களிடம் வேலை செய்த இந்தப் பெண் எப்படிப்பட்டவர்? வேலையில் கவனமுள்ளவரா? ஏன் விலகினார்? திரும்ப வந்தால் சேர்த்துக்கொள்வீர்களா? ஒவ்வொன்றுக்கும் இவர் என்ன பதில் சொல்வார் என்று அவளுக்குத் தெரியும்.

உள்ளதைச் சொன்னால் இந்த வேலையும் இல்லை. வாசிக்கமாட்டேன் என்றால் வேறு யாரிடமாவது கொண்டுபோவார். உள்ளே அம்மா இருமுகிற சத்தம் கேட்டது.

“என்னவாம்?”

“கொழும்பில ஆரோ... சங்கு இருக்கோ எண்டு கேட்டிருக்கினம்.”

முதலாளி தலையாட்டினார். எவ்வளவு வேணுமாம், என்ன விலை தருவினமாம் என்று ஒன்றும் கேட்கவில்லை. கைப்பையைத் திறந்து, கடையின் பெயர் அச்சடித்த தாள் ஒன்றை எடுத்து அவள் முன்னால் வைத்தார்.

“அப்ப ஒரு பதில் எழுதும். கையாலயே எழுதினால் போதும்.”

“என்னெண்டு எழுதிறது, முதலாளி?”

“எத்தனை கடிதம் எழுதினனீர். உமக்குத் தெரியாததே? எழுதும்.”

ஐந்து வருஷத்தில் அவர் சொல்லாத ஒரு சொல்லை அவள் அவருடைய தாளில் எழுதியதில்லை. இன்றைக்கு அவர் பக்கத்தில் நிற்க, அவர் பெயரில், தன்னைப் பற்றித் தானே எழுத வேண்டியிருந்தது. நல்ல வேலைக்காரி என்று எழுதலாம்தான். பேனாவைக் கொண்டுபோனாள், கை ஓடவில்லை. அடுத்த வீட்டு வளவுக்குள் களவாக இறங்கினதுபோல இருந்தது.

ஐந்து வருஷம் வேலை செய்தார். ஒழுங்காக வந்தார். டைப் வேலை தெரியும். தன் விருப்பத்தில் விலகினார். அதற்குமேல் ஒரு சொல்லும் வரவில்லை. தாளை அவர் பக்கம் திருப்பினாள். நிமிர்ந்து முகத்தைப் பார்க்க ஏலாமல் குனிந்தே இருந்தாள்.

“நாலு வரிதானோ?”

“ஓம், முதலாளி. சங்கு இருக்கெண்டு சொல்ல இவ்வளவும் போதும்.”

அவர் பேனாவை வாங்கினார். கையெழுத்து வைக்கிற இடத்துக்கு மேலே கொஞ்ச நேரம் பேனா நின்றது. பிறகு ஒரு புள்ளியும் வைக்காமல் அதைத் திருப்பி அவள் கையில் கொடுத்தார்.

“சுவாமியார் நேற்றே வாசிச்சுச் சொன்னவர். பொய் சொல்லத் தெரியாத பிள்ளை எண்டும் ஒரு வரி சேர்த்துவிடும்.”